மகளுக்கு உரிமை, மருமகனுக்குக் கட்டணம்

ஊர் திரும்புவோர் – 9

வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ பிரிட்டனுக்கு அழைத்துவர என்ன வருமானம் காட்ட வேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். ஆண்டுக்கு 29,000 பவுண்டு. சம்பளம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு. அதைத் தாண்டி வந்தவர்களுக்கு அடுத்து நிற்பது ஆஸ்பத்திரிக் கணக்கு. வீடு, பள்ளிக்கூடம், விமான டிக்கெட் எல்லாம் முடிவான பிறகுதான் பலர் இதைக் கவனிக்கிறார்கள். அதனால் படும் பாடு பெரிது.

ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் பிறந்து வளர்ந்த பெண். வேலைக்காகச் சென்னை வந்தவள் திருச்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். ஒரு குழந்தை. இப்போது அங்கே அம்மாவுக்கு முடியவில்லை. குடும்பத்தோடு திரும்ப வேண்டும். அந்த அம்மா போனில் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம்: "முதல்ல மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்து சேருங்கோ பிள்ளை, மிச்சத்தைப் பிறகு பாப்பம்." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் விசிட்டர் விசாவில் கணவரை அழைத்துப்போய், அங்கிருந்தபடியே அதைத் துணைவர் விசாவாக மாற்ற முடியாது. மருத்துவத்திலும் அந்த ஆறு மாதம் அவர் விருந்தாளிதான்.

முதலில் மகளின் நிலையைப் பார்ப்போம். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் இலவச சிகிச்சை கிடைப்பது பாஸ்போர்ட்டை வைத்து அல்ல, வாழும் இடத்தை வைத்து. சட்டப்படி அங்கே நிலையாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். எவ்வளவு நாள் இருந்தால் நிலையான குடியிருப்பு என்ற கேள்விக்கு, மாணவர் உதவித்தொகை தொடர்பான வழக்கொன்றில் 1982-ல் பிரபுக்கள் சபை விளக்கம் தந்தது: தானாக விரும்பி, சட்டத்துக்கு உட்பட்டு, ஒரு நோக்கத்தோடு இப்போதைக்கு அங்கே வாழ்கிறாரா என்பதே அளவுகோல். இன்றும் ஆஸ்பத்திரிகள் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். ஆகவே நிரந்தரமாகத் திரும்பி வரும் மகளுக்கு இறங்கிய நாளிலிருந்தே உரிமை உண்டு. காத்திருக்கும் காலம் எதுவும் இல்லை. வாடகை ஒப்பந்தம், வேலைக் கடிதம், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்த கடிதம், ஒருவழி டிக்கெட் என்று வந்து குடியேறியதைக் காட்டும் காகிதங்களைக் கையில் வைத்திருந்தால் போதும். அவளே ஒரு மாத விடுமுறைக்கு வந்து போகிறவளாக இருந்தால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தும், வாலிப வயதில் கட்டிய வரியெல்லாம் கணக்கில் இருந்தும், ஆபரேஷனுக்குப் பில் வரும். பல குடும்பங்களுக்கு இது தெரியாது. குழந்தைக்குத் தாய்வழியில் பிரிட்டிஷ் குடியுரிமை வந்துவிடுவதால் அதற்கும் சிக்கல் இல்லை.

மருமகனுக்குத்தான் எல்லாச் சிக்கலும். துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே, விசாக் கட்டணம் தவிர, குடிவரவு சுகாதாரக் கூடுதல் கட்டணத்தை மொத்தமாகக் கட்டியாக வேண்டும். ஆண்டுக்கு 1,035 பவுண்டு. முதல் விசா 33 மாதம். கட்டணம் மூன்று ஆண்டுக்கு, 3,105 பவுண்டு. நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். இரண்டரை ஆண்டு நீட்டிப்புக்கு இன்னொரு 2,587.50. நிரந்தர வசிப்புரிமை வாங்குவதற்குள் ஒருவருக்கு 5,692.50 பவுண்டு. 2015 ஏப்ரலில் இது தொடங்கியபோது ஆண்டுக்கு 200 பவுண்டுதான். 2019-ல் 400, 2020-ல் 624, 2024 பிப்ரவரியில் 1,035. ஒன்பதே ஆண்டில் ஐந்து மடங்கு.

இது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. என்.எச்.எஸ். பெரும்பாலும் பொது வரிப்பணத்தில் நடக்கிறது. அந்த மருமகன் வேலைக்குப் போன முதல் மாதமே வருமான வரியும் தேசியக் காப்பீட்டுத் தொகையும் பிடித்துக்கொண்டுதான் சம்பளம் வரும். அதாவது ஒரே மருத்துவத்துக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறார். அதுவும் வெளிநாட்டில் வாழ்ந்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சேமிப்பைத் திரட்டிக்கொண்டு வரும் நேரத்தில் மொத்தமாக. கொடுத்த பிறகும் பல்லுக்கும் மருந்துச் சீட்டுக்கும் இங்கிலாந்தில் மற்றவர்களைப் போலவே காசு, குழந்தையின்மைக்கான ஐ.வி.எஃப். சிகிச்சை மட்டும் 2017 ஆகஸ்டிலிருந்து இவர்களுக்கு இலவசம் இல்லை.

ஒரு காலத்தில் திரும்பி வருவோருக்கு வேறொரு வழி இருந்தது. அதைத் திறந்துவிட்டவர் ஒரு இந்தியர். சுரிந்தர் சிங் 1982-ல் பிரிட்டிஷ் பெண்ணை மணந்தார். இருவரும் ஜெர்மனியில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, தொழில் தொடங்க 1985-ல் பிரிட்டன் திரும்பினார்கள். பிறகு அவரை நாட்டைவிட்டு அனுப்ப அரசு முயன்றபோது வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. துணையோடு திரும்பி வர முடியாது என்றால் யார்தான் வேலை தேடி வெளியே போவார்கள் என்று கேட்ட அந்த நீதிமன்றம், 1992-ல் தம்பதிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் வேலை பார்த்துவிட்டுத் துணையோடு திரும்பிய பிரிட்டிஷ் மக்கள் பலருக்கு அதனால் வழி பிறந்தது. பிரெக்சிட்டோடு அது அடைபட்டது. புதிதாக விண்ணப்பிக்க 2022 மார்ச் 29 கடைசி நாள்.

சரி, "பிறகு பாப்பம்" என்று விசிட்டராகவே வந்துவிட்டவருக்கு என்ன ஆகும்? இங்கிலாந்தின் விதியைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் வேறுபாடுகள் உண்டு. ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டரை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே பதிவு செய்ய விசாவோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. அவசரப் பிரிவும் எல்லோருக்கும் இலவசம். ஆனால் நள்ளிரவில் வயிற்று வலியோடு போகிறார், குடல்வால் வீக்கம் என்கிறார்கள் என்று வையுங்கள். அவசரப் பிரிவில் பார்த்த வரைக்கும் காசு இல்லை. உள்ளே வார்டில் சேர்த்த நிமிடத்திலிருந்து மீட்டர் ஓடத் தொடங்கும், அதுவும் என்.எச்.எஸ். கட்டண விகிதத்தில் ஒன்றரை மடங்காக. உயிருக்கு ஆபத்தான நிலையில் சிகிச்சையைப் பணத்துக்காக மறுக்கக் கூடாது, பிரசவத்தை ஒருபோதும் மறுக்கக் கூடாது. ஆனால் பில் பின்னால் வந்தே தீரும். தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் என்றால் 2017 அக்டோபரிலிருந்து முன்பணம் கட்டினால்தான் தேதி. 500 பவுண்டுக்கு மேல் பாக்கி இரண்டு மாதம் நின்றால் உள்துறைக்குத் தகவல் போகும். பின்னால் கேட்கப்போகும் துணைவர் விசா அதைக் காட்டியே மறுக்கப்படலாம். மாமியார் வீட்டுக்கு வந்த ஒரு பயணத்தின் கடன் ஐந்தாண்டுத் திட்டத்தையே கவிழ்த்துவிடும். குறைந்தபட்சம் பயண மருத்துவக் காப்பீடாவது எடுத்துக்கொண்டு வரச்சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக் கவுன்டரில் நடப்பதையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் ஒரு படிவம் தருவார்கள்: கடந்த ஓராண்டு எங்கே வசித்தீர்கள், பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, என்ன விசா? இப்போது விசா காகிதத்தில் இல்லை, இணையத்தில் இருக்கிறது. வலியோடு நிற்கும் மனிதர் போனைத் திறந்து, கணக்கில் நுழைந்து, குறியீட்டு எண் எடுத்துக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே அதைப் பழகி வைப்பது நல்லது.

1948 ஜூலை 5-ல் என்.எச்.எஸ்.ஸைத் தொடங்கிவைத்த அமைச்சர் அனூரின் பெவன் இதை அன்றே முன்னறிந்தார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து இலவச வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கூச்சல் அப்போதும் இருந்தது. அவர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் எல்லோரையுமே நிறுத்தி விசாரிக்க வேண்டிவரும் என்பது அவர் வாதம். கட்டணம் வாங்கும் அதிகாரம் 1949 சட்டத்திலேயே வந்துவிட்டாலும், விதிகள் வந்து வசூல் தொடங்கியது 1982-ல்தான். பெவன் சொன்னது எப்படிப் பலித்தது என்பதற்கு 2018-ல் வெளிவந்த ஒரு மனிதரின் கதை போதும். பதின்வயதில் ஜமைக்காவிலிருந்து வந்து 44 ஆண்டு லண்டனில் வாழ்ந்து வரி கட்டியவர். ஆல்பர்ட் தாம்சன் என்ற புனைபெயரில் பத்திரிகைகள் அவரைக் குறிப்பிட்டன. புராஸ்டேட் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுக்குப் போனவரிடம், குடியிருப்பு ஆவணம் இல்லையென்று சொல்லி 54,000 பவுண்டு கேட்டார்கள். நாடே கொதித்த பிறகுதான் சிகிச்சை கிடைத்தது. இந்தச் சோதனை யாரைக் குறிவைத்து எழுதப்பட்டதோ அவர்களோடு நிற்கவில்லை. நிறமும் உச்சரிப்பும் வேறாக இருந்த பக்கத்து வீட்டுக்காரர் மீதும் விழுந்தது.

நம் திருச்சிக்காரருக்குச் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. துணைவர் விசா கையில் வந்து, கூடுதல் கட்டணமும் கட்டிவிட்டால், இறங்கிய நாளிலிருந்து அவர் மற்றவர்களைப் போன்ற நோயாளிதான். ஆஸ்பத்திரியில் தனிப் பில் இல்லை. விசா முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை அந்த உரிமை தொடரும். ஒரே ஒரு நாள் தாமதித்தாலும் அது அறுந்துபோகும். அங்கே போய் முதியோர் இல்லத்திலோ ஆஸ்பத்திரியிலோ வேலைக்குச் சேர்ந்தால், ஆறு மாதம் வேலை பார்த்த பின், கட்டிய கூடுதல் கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் திட்டமும் இருக்கிறது. சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். யாரும் தானாகக் கூப்பிட்டுத் தரமாட்டார்கள், விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

அடுத்த வாரம், வயதான மாமனார் மாமியாரையும் உடன் அழைத்துப்போக விரும்புகிறவர்களுக்கு என்ன வழி என்று பார்ப்போம்.

(தொடரும்)