பாதிரியார் செய்த இயந்திரம்

வெயிலில் கிடந்த பந்து கல்லாக இறுகியிருக்கும், மாலையில் தளர்ந்துவிடும். நம் பிள்ளைகள் திடலில் காணும் காட்சிதான். சூடானால் காற்று விரியும், ஆறினால் சுருங்கும். இதை வைத்தே ஓர் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார் ராபர்ட் ஸ்டர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1816-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

அந்நாளில் நீராவிக் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் மாண்டதுண்டு. செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் நின்றவர்களுக்கு அந்தப் பயம் சொல்லாமலே புரியும். ஸ்டர்லிங்கின் இயந்திரத்திலோ கொதிகலனே இல்லை!

இறுக மூடிய உருளைக்குள் காற்று. ஒரு முனையில் வெளியிலிருந்து நெருப்பு, மறுமுனையில் குளிர்ச்சி. சூடான காற்று விரிந்து பிஸ்டனைத் தள்ளும். குளிர்ந்த முனைக்குப் போனதும் சுருங்கும், பிஸ்டன் திரும்பும். உள்ளே எதுவும் வெடிக்காததால் சத்தம் குறைவு. விறகோ, தேங்காய் மட்டையோ, வெயிலோ, சூடு கிடைத்தால் போதும்.

பாதிரியாரின் கெட்டிக்காரத்தனம் இன்னோர் இடத்தில் இருக்கிறது. இரண்டு முனைகளுக்கும் நடுவே உலோகக் கம்பி வலை. காற்று போகும்போது தன் வெப்பத்தை அதனிடம் கொடுத்துவிட்டுப் போகும், திரும்பும்போது வாங்கிக்கொள்ளும். அடகுக்கடை மாதிரிதான், ஆனால் வட்டி மிகக் குறைவு! விறகு மிச்சமாவது இதனால்தான்.

பின் ஏன் அது பரவவில்லை? அக்கால இரும்பு ஓயாத நெருப்பைத் தாங்கவில்லை. டண்டி நகர வார்ப்பாலையில் ஓடிய பெரிய இயந்திரத்தின் உருளை திரும்பத் திரும்பப் பழுதாகவே, 1847-இல் அங்கே நீராவி வந்துவிட்டது.

1930-களில் ஹாலந்தின் பிலிப்ஸ் கம்பெனி, மின்சாரமில்லாத ஊர்களில் வானொலி ஒலிக்க இதைத் தூசி தட்டி எடுத்தது. டிரான்சிஸ்டர் வந்ததும் அந்தத் தேவை போயிற்று. ஆனால் உழைப்பு வீண்போகவில்லை. இதே இயந்திரத்தை மோட்டாரால் சுழற்றினால் ஒரு முனை குளிர்ந்துகொண்டே போகும். 1950-களில் பிலிப்ஸ் செய்த குளிர்க்கருவி காற்றையே திரவமாக்கியது. அதற்குச் சுமார் −194 டிகிரி குளிர் வேண்டும்.

இதன் கழிவு வெப்பத்துக்கும் வேலையுண்டு. நியூசிலாந்தில் உருவான விஸ்பர்ஜென் கருவி வீட்டுக்கு வெந்நீர் தந்து, கூடவே சுமார் 1 கிலோவாட் மின்சாரமும் தந்தது.

நம் செம்பனை ஆலைகள் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து, நீராவியால் டர்பைன் ஓட்டுகின்றன. பெரிய ஆலைக்கு அதுவே கட்டுப்படி. சிறிய இடத்துக்கு ஸ்டர்லிங் இயந்திரம் ஏற்றதுதான் என்றாலும், வாயு கசியாமல் அடைப்பதும் சூடு தாங்கும் உலோகமும் விலையை ஏற்றிவிடுகின்றன. அந்த விலையைக் கொடுக்க முன்வந்தது சுவீடன் கடற்படை. 1996-இல் சேவைக்கு வந்த அதன் கோட்லாந்து நீர்மூழ்கி, சத்தமில்லாத இந்த இயந்திரத்தின் துணையோடு, வெளிக்காற்றுக்காக மேலே வராமல் வாரக்கணக்கில் கடலடியில் கிடக்கும்.