சிறிய மூலப் பிரிவில் மென்பொருள் நிறுவல் (லினக்ஸ்)

சிறிய மூலப் பிரிவில் மென்பொருள் நிறுவல் என்பது, இயங்குதளம் அமைந்துள்ள வட்டுப் பிரிவில் இடம் குறைவாக உள்ள லினக்ஸ் கருவிகளில் புதிய மென்பொருள்களை எங்கே வைப்பது எனத் தீர்மானிக்கும் முறையாகும். லினக்ஸில் எல்லாக் கோப்புகளும் "/" எனக் குறிக்கப்படும் மூல அடைவின் கீழ் ஒரே மரமாக அமைகின்றன. எனினும் அம்மரத்தின் கிளைகள் வெவ்வேறு வட்டுப் பிரிவுகளில் இருக்கலாம். ஆகவே ஓர் அடைவின் பெயரைவிட, அது எந்தப் பிரிவில் உள்ளது என்பதே முதன்மையானது.

மூலப் பிரிவு முற்றிலும் நிரம்பினால் பொதிகளின் நிறுவல் பாதியில் நின்றுவிடும். வரைகலைத் திரையில் புகுபதிகை செய்ய இயலாமலும் போகலாம்.

வரலாறு

இச்சிக்கல் யுனிக்ஸ் அளவுக்குப் பழமையானது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் வட்டில் இடம் போதாமற்போனபோது, நிரல்களின் ஒரு பகுதி பயனர் கோப்புகள் இருந்த "/யூஎஸ்ஆர்" வட்டுக்கு மாற்றப்பட்டது. லினக்ஸ் அடைவுகளுக்கான பொதுத்தரம் முதன்முதலில் 1994 இல் வெளியானது, அதன் 3.0 பதிப்பு 2015 இல் வெளிவந்தது.

2009 இல் வெளியான நோக்கியா என்900 கைப்பேசி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். மீமோ 5 இயங்குதளம் கொண்ட அக்கருவியில் 32 ஜிகாபைட் நினைவகம் இருந்தும், மூலப் பிரிவு 256 மெகாபைட் நினைவகத்திலேயே அமைந்தது. இதனால் "/ஆப்ட்" அடைவு, 2 ஜிகாபைட் அளவுள்ள "/ஹோம்" பிரிவுக்குத் திருப்பப்பட்டு, மென்பொருள்கள் அங்கு நிறுவப்பட்டன.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட பல கணினிகளில், விண்டோஸுடன் டெபியன் வழிவந்த பாஸ் லினக்ஸும் இருந்தது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் உள்ளிட்ட ஊர்களின் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களும் இத்திட்டத்திற்கு உரியோராயினர். ஒரே வட்டை இரு இயங்குதளங்கள் பகிரும்போது லினக்ஸுக்கு ஒதுக்கப்படும் பங்கு சிறிதாக இருப்பின் இக்கட்டுரையின் சிக்கல் எழுகிறது. வீட்டில் அதுவே ஒரே கணினியாக இருந்தால், பிழையான இடமாற்றம் மாணவரின் பாடக்கோப்புகளையும் இழக்கச் செய்யலாம்.

நிறுவும் இடங்கள்

* பொதி மேலாளர் வழி வருபவை: பெரும்பாலும் "/யூஎஸ்ஆர்" அடைவில் அமையும். இவற்றைக் கையால் இடம் மாற்றலாகாது.
* தாமே தொகுத்த நிரல்கள்: "/யூஎஸ்ஆர்/லோக்கல்".
* தனித்து வரும் பெரிய மென்பொருள்கள்: "/ஆப்ட்".
* ஒரு பயனருக்கு மட்டும் உரியவை: அவருடைய இல்ல அடைவு. ஆப்இமேஜ் கோப்புகளை இங்கு வைத்தே இயக்கலாம். பிளாட்பேக் பொதிகள் இயல்பாக "/வார்" அடைவில் அமையும். பயனருக்கு மட்டும் என நிறுவினால் இல்ல அடைவில் அமையும்.

இடம் மாற்றும் முறை

முதலில் "டிஎஃப்" கட்டளையால் ஒவ்வொரு பிரிவின் மீத இடத்தையும் அறிதல் வேண்டும். "/ஹோம்" தனிப் பிரிவாக இல்லாவிடில் அங்கு மாற்றுவதால் இடம் மிச்சமாகாது. டெபியன் வழித்தோன்றல்களில், பதிவிறக்கிய பொதிகளின் நகல்கள் "/வார்/கேச்" அடைவின் கீழ்ச் சேரக்கூடும். ஏபிடியின் "கிளீன்" கட்டளை அவற்றை நீக்கும். பல வேளைகளில் இதுவே போதுமானது.

போதாதெனில், "/ஆப்ட்" அடைவைப் பெரிய பிரிவுக்கு அனுமதிகளோடு நகலெடுத்து, பழைய அடைவின் பெயரை மாற்றி, அதன் இடத்தில் புதிய இடத்துக்கு ஒரு தொடுப்பு அமைக்கப்படும். மென்பொருள்கள் சரியாக இயங்குவதை உறுதி செய்த பின்னரே பழைய நகலை அழித்தல் வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

விண்டோஸ் பிரிவில் இடம் மிகுதியாக இருப்பினும் அங்கு லினக்ஸ் மென்பொருள்களை நிறுவுதல் பொருந்தாது. ஃபேட் கோப்பு முறைமை லினக்ஸின் உரிமையாளர், அனுமதி விவரங்களையும் தொடுப்புகளையும் சேமிப்பதில்லை. என்டிஎஃப்எஸ் பிரிவிலும் இயல்பான அமைப்பில் அனுமதிகள் சரிவரக் காக்கப்படுவதில்லை. பாடல்கள், படங்கள், ஆவணங்கள் ஆகியவற்றை அங்கு மாற்றி, லினக்ஸ் பிரிவை மென்பொருள்களுக்கு விடுவதே பாதுகாப்பானது. "/ஈடிசி" அடைவு கணினி தொடங்கும்போதே தேவைப்படுவதால் அது மூலப் பிரிவிலேயே இருத்தல் வேண்டும்.