ராஜ்மா எழுப்பும், காந்தள் நிறுத்தும்

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் ஏதோ குறை தெரிகிறது. குரோமோசோம் கோளாறாக இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். பனிக்குட நீரில் மிதக்கும் செல்களை வளர்த்துப் பார்க்கலாம். ஆனால் அவை மெதுவாகப் பெருகுபவை, முடிவு வர இரண்டு வாரம்கூட ஆகும். வயிற்றில் பிள்ளை உதைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அது எவ்வளவு நீண்ட காத்திருப்பு! குழந்தையின் இரத்தமே கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் விடை தெரிந்துவிடும்.

அதற்கு 1983-இல் பாரிஸில் ஃபெர்னான் டாஃபோஸ் குழுவினர் வழிகாட்டினார்கள். ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே தாயின் வயிற்று வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, தொப்புள்கொடியின் சிரையிலிருந்து ஓரிரு மில்லி இரத்தம் எடுப்பார்கள். வந்தது தாயின் இரத்தமா, பிள்ளையின் இரத்தமா? சிவப்பணுக்களின் அளவே காட்டிக்கொடுக்கும். கருவின் அணுக்கள் பெரியவை.

நமக்கு வேண்டியவை வெள்ளையணுக்கள். இரத்தத்தில் அவை பிரியாமல் சும்மா இருக்கும். ராஜ்மா பயற்றிலிருந்து எடுக்கும் ஒரு புரதத்தைச் சேர்த்து 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால் விழித்துக்கொண்டு பிரியத் தொடங்கும். இதை 1960-இல் கண்டு சொன்னவர் பீட்டர் நோவெல்.

பிரியும் செல்லை நடுவழியில் நிறுத்தினால்தான் குரோமோசோம்கள் திரண்டு தெளிவாகத் தெரியும். நிறுத்துவது கால்ச்சிசின் வகை மருந்து. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிற அதே நஞ்சு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் அந்த விதைக்காகவே காந்தளைப் பயிரிடுகிறார்கள். அடுத்து, நீர்த்த உப்புக் கரைசல். செல்கள் அதைக் குடித்து உப்ப, பின்னிக்கிடந்த குரோமோசோம்கள் விலகிவிடும். மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்ததை, 1956-இல் ஜியோவும் லெவானும் 46 என்று திருத்தியதும் இந்த இரண்டு உத்திகளால்தான்.

பிறகு கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு, மேலே ஜீம்சா சாயம். வரிவரியாகக் கோடு போட்ட குச்சிகளை ஜோடி சேர்த்து எண்ணுவார்கள். 21-ஆம் எண்ணில் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால் டவுன் நோய்க்குறி.

விரைவுக்கு விலை உண்டு. நூறு பேரில் ஓரிருவருக்குக் கரு கலையும் ஆபத்து இருப்பதால், இந்த ஊசியைத் தேவையில்லாமல் போடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்று செல்லை வளர்க்காமலே பனிக்குட நீரிலிருந்து ஓரிரு நாளில் முக்கியமான கோளாறுகளைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்த நீரில் சில செல்கள் சரியாகவும் சில கோளாறாகவும் கலந்து தெரிந்தால், பிள்ளையின் இரத்தத்தையே பார்த்துவிடலாம் என்று டாக்டர்கள் இன்றும் தொப்புள்கொடியைத் தேடிப் போவதுண்டு.