நாலு சக்கரமும் ஒரு காற்று யந்திரமும்

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தைச் சேர்ந்த ஒரு குடியானவரின் மனைவி, 1930களின் ஆரம்பத்தில் ஃபோர்டு மோட்டார் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாதா கோவிலுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி செய்து தரக்கூடாதா என்று அந்த அம்மாள் கேட்டிருந்தார். லூ பாண்ட் என்ற இளைஞர் அதற்கு வடிவம் கொடுத்தார். முன்பாதி கார், பின்பாதி லாரியாக அந்த வண்டி 1934ல் கீலாங் நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. 'பெண் புத்தி பின் புத்தி' என்பார்கள். வண்டியின் பின்பாதியைப் பொறுத்தவரை அது உண்மையாகவே போயிற்று!

அந்த நாட்டார் இதைச் செல்லமாக 'யூட்' என்கிறார்கள். மற்றவர்களுக்கு இது பிக்-அப். இன்று விடுமுறை வந்தால் குழந்தை குட்டி, கூடாரம், சமையல் சாமான் எல்லாவற்றையும் இதிலே ஏற்றிக்கொண்டு மணற் பிரதேசங்களுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிக் கிளம்புகிறவர்கள் தங்கள் வண்டியிலேயே பொருத்திக்கொள்ளும் ஒரு சின்ன யந்திரம்தான் காற்றடிக்கும் கம்ப்ரஸர். அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போமா?

காற்றை ஏன் இறக்க வேண்டும்?

குவீன்ஸ்லாந்துக் கரையோரத்தில் இருப்பது உலகத்திலேயே மிகப் பெரிய மணல் தீவு. ஃப்ரேஸர் தீவு என்று வழங்கிவந்த அதற்கு, 2023ல் பழங்குடி மக்கள் இட்ட 'கர்ரி' என்ற பெயரே சட்டப்படி திரும்பி வந்தது. அங்கே கடற்கரை மணலே ராஜபாட்டை. வேக வரம்புகூட உண்டு!

தார் ரோட்டில் ஓடும்போது டயரில் சதுர அங்குலத்துக்கு 36 ராத்தல் அழுத்தம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதே அழுத்தத்தோடு மணலில் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். ஆகவே 18 ராத்தல் அளவுக்குக் காற்றை இறக்குகிறார்கள். டயர் தளர்ந்து, நீளவாக்கில் தரையோடு படிகிறது. பாரம் பரவுவதால் வண்டி மணல்மேல் மிதந்தாற்போல் போகிறது.

இறக்குவது சுலபம், ஏற்றுவதில்தான் சங்கடம். காற்றுக் குறைந்த டயரோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால், ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறுகிறது. கடைசியில் வெடித்துவிடலாம். திடீரென்று திருப்பினால் டயர் வளையத்தை விட்டுக் கழன்றும் போகலாம். பின் ஸீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும் வண்டிக்கு இது விளையாட்டல்ல. ஸிம்ப்ஸன் பாலைவனம் போன்ற இடங்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் கடைகூடக் கிடையாது. காற்றையும் கையோடு கொண்டு போகத்தான் வேண்டும்.

எவ்வளவு காற்று?

சாமான்யமான ஒரு பிக்-அப் டயருக்குள் சுமார் 70 லிட்டர் இடம் இருக்கும். 18 ராத்தலிலிருந்து 36க்கு உயர்த்த, வெளிக்காற்று ஏறக்குறைய 85 லிட்டர் தேவை. நாலு டயருக்கு 340 லிட்டர். நிமிஷத்துக்கு 20 லிட்டர் தரும் சிறு யந்திரம் இதற்கு 17 நிமிஷம் ஓட வேண்டும். 60 லிட்டர் தருவது ஆறு நிமிஷத்துக்குள் முடித்துவிடும்.

ஆனால் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் எதிர்ப்பில்லாமல் வெறும் காற்றில் ஊதும்போது கிடைக்கும் அளவு. டயரில் அழுத்தம் ஏற ஏற யந்திரம் தரும் காற்று குறையும். "30 ராத்தலுக்கு எதிராக எத்தனை லிட்டர்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.

ஓய்வும் வேண்டும்

அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது, யந்திரம் ஓய்வில்லாமல் எவ்வளவு நேரம் ஓடும் என்பது. மாவரைக்கும்போது மிக்ஸி சூடேறினால் நிறுத்தி வைக்கிறோம் அல்லவா? அதே சமாசாரம்தான். சதவீதக் கணக்கில் 33 என்று போட்டிருந்தால், 10 நிமிஷம் ஓடியபின் 20 நிமிஷம் ஆறவேண்டும் என்று அர்த்தம். 100 என்றால் ஓய்வே வேண்டாம். பாலைவன வெயிலில் ஓய்வு இன்னும் அதிகமாகத் தேவைப்படும். சூடு மீறினால் தானே நின்றுவிடும் அமைப்பு உள்ளதா என்றும் பாருங்கள்.

மின்சாரம் எங்கிருந்து?

பெரிய கம்ப்ரஸர் 50 ஆம்பியர் வரை இழுக்கும். 12 வோல்ட் பாட்டரியில் அது 600 வாட்; நம் வீட்டு மிக்ஸிக்குச் சமம். சிகரெட் பற்றவைக்கும் துளை இதைத் தாங்காது. அதன் ஃப்யூஸ் வழக்கமாக 10 முதல் 20 ஆம்பியருக்குள் அடக்கம். ஆகையால் பாட்டரியிலிருந்தே தடித்த கம்பி இழுத்து, பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போட வேண்டும். காற்றடிக்கும்போது திறந்தவெளியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். இல்லாவிட்டால் டயர் நிறைந்து பாட்டரி காலியாகிவிடும்.

எங்கே பொருத்துவது?

எஞ்சினுக்கு அருகே வைத்தால் பாட்டரி கிட்டத்தில் இருக்கும். ஆனால் வெப்பம் அதிகம். பின்தட்டின் அடியில் குளுமை உண்டு; சேறும் தண்ணீரும் உண்டு. ஸீட்டுக்குப் பின்னால் சுத்தம், ஆனால் சத்தம் காதைத் துளைக்கும். எங்கே வைத்தாலும், காற்றை உள்ளிழுக்கும் வடிகட்டி உயரமாக, புழுதி படாத இடத்தில் இருக்கட்டும். யந்திரத்திலிருந்து வெளிவரும் காற்று கொதிக்கும். ஆதலால் முதல் குழாய் உலோகப் பின்னல் போட்டதாக இருப்பது உத்தமம்.

கூடவே ஒரு காற்றுத் தொட்டி வேண்டுமா என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். 4 லிட்டர்த் தொட்டியை 150 ராத்தலுக்கு நிரப்பினாலும் டயருக்குக் கிடைப்பது சுமார் 31 லிட்டர்தான். ஒரு டயரின் தேவையில் பாதிகூட இல்லை! காற்றில் இயங்கும் கருவிகளோ ஊதுகுழலோ வைத்திருப்பவர்களுக்குத்தான் தொட்டி உபயோகம்.

வருஷத்தில் ஒரு தடவை மணலில் இறங்குகிறவர்களுக்குப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகும் கம்ப்ரஸரே போதும். வண்டியை விற்றாலும் அது வீட்டோடு தங்கும். அடிக்கடி போகிறவர்களும், காற்றின் பலத்தால் சக்கரங்களைப் பூட்டும் 'லாக்கர்' வைத்திருப்பவர்களும் வண்டியிலேயே பொருத்துவது நல்லது. அதை மறந்து வீட்டில் வைத்துவிட்டு வர முடியாதே!

எதை வாங்கினாலும், பிரயாணத்துக்கு முதல் வாரம் வீட்டு வாசலிலேயே ஒரு டயரை 18க்கு இறக்கி, மறுபடி 36க்கு ஏற்றிப் பாருங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிஷம் எண்ணுங்கள். நம்பகமான அழுத்தமானி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். யந்திரம் பெரிதா சிறிதா என்பதைவிட, தார் ரோட்டில் ஏறுமுன் நாலு டயரும் சரியாக இருக்கின்றனவா என்பதே முக்கியம்.