தொரை விட்டுப்போன தூண்டில்

"தோட்டத்தை விட்டு வெளியேறியபோது கையோடு எதை எடுத்து வந்தீர்கள்?" காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அம்மிக்கல், பால் வாளி, வெட்டுக்கத்தி, முனீஸ்வரர் கோயில் மண் என்று அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. கடைசி அழைப்பில் ஒரு பெரியவர். "தொரையோட மூங்கில் தூண்டில் ஒண்ணு கெடக்குது தம்பி. ஆறு பட்ட இருக்கும்" என்றார்.

அடுத்த பாடலை ஓட விட்டுவிட்டு அவர் எண்ணைக் குறித்துக்கொண்டேன். இருப்பது புக்கிட் காத்தில். என் வீட்டிலிருந்து பத்து நிமிடம்.

மூங்கில் தூண்டில் நமக்குப் புதிதல்ல. வேலியோரம் ஒரு கழியை வெட்டி, நரம்பு கட்டி, மண்புழு கோத்து, கால்வாயில் கெலியும் ஹாருவானும் பிடிக்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? ஆறு பட்டைத் தூண்டில் அந்த இனம் இல்லை. மூங்கிலைப் பிளந்து, ஆறு சிம்புகளை முக்கோணமாக இழைத்து, ஆறையும் பசையிட்டுச் சேர்த்துச் செய்வது. குறுக்கே வெட்டினால் அறுகோணம் தெரியும். மூங்கிலின் வலுவான நார்கள் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. உள்ளே போகப் போகத் தளர்ச்சி, நடுவில் வெறும் காற்று. பட்டைகளாகச் சேர்க்கும்போது சுற்றிலும் தோல்நார், நடுவிலும் வெற்றிடம் இல்லை. அடியிலிருந்து நுனிவரை எங்கே எவ்வளவு மெலிய வேண்டும் என்பதும் செய்பவர் கையில். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து இழைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? இந்த வகைத் தூண்டிலில் கொக்கிக்கு எடையே கிடையாது. இறகும் நூலும் கட்டிய பொய்ப் பூச்சி அது, ஊதினால் பறந்துவிடும். எடை எல்லாம் கயிற்றில். கழி பின்னால் வளைந்து முன்னால் நிமிரும் வேகத்தில் கயிறு காற்றில் விரிந்து, பூச்சியைத் தண்ணீர்மேல் மெல்ல இறக்கும். கழிக்குச் சரியான வளைவு இல்லையென்றால் கயிறு காலடியிலேயே விழும்.

அமெரிக்காவில் சாமுவேல் ஃபிலிப்பி என்ற துப்பாக்கித் தொழிலாளி 1840களிலேயே பட்டை மூங்கிலில் கழி செய்தவர். பின்னாளில் ஹைரம் லெனர்ட், பட்டைகளை இயந்திரத்தில் சீவும் வழியைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துக் கழிகளுக்கு மூங்கில் நம் பக்கத்திலிருந்துதான் போனது. கல்கத்தாவில் கப்பல் ஏறியதால் 'கல்கத்தா கேன்' என்று பெயர். பிறகு தென் சீனத்துக் குவாங்டோங் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கு வணிகர்கள் வைத்த பெயர் 'டோங்கின்'. டோங்கின் இருப்பதோ வட வியட்நாமில்! சுமத்ராவிலிருந்து வந்த பிரம்புகூட 'மலாக்கா கேன்' என்று நம் ஊர்ப் பெயரில் கைத்தடியாக விலைபோனதே, அந்தக் கதைதான். 1950இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா தடை போட்டது. கண்ணாடி இழைத் தூண்டில் கடைகளை நிரப்பியது. 1970களில் கார்பன் வந்ததும் மூங்கில் சுவரில் ஏறிவிட்டது.

பெரியவர் எடுத்து வந்த துணிப்பையில் நான்கு துண்டுகள் இருந்தன. அடி, நடு, இரண்டு நுனிகள். பழைய கழிகளுக்குக் கூடுதலாக ஒரு நுனி கொடுப்பது வழக்கம், முதலில் ஒடிவது அதுதான். பிடிக்கு மேலே பாதி அழிந்த கறுப்பு எழுத்தில் 'பலக்கோனா' என்று இருந்ததைப் படித்துக் காட்டினேன். "பல கோணம்! தமிழ்ப் பேருதான்" என்று பெரியவருக்கு ஒரே சந்தோஷம். இங்கிலாந்தின் ஆனிக் நகரத்தில் 1872இல் தொடங்கிய ஹார்டி நிறுவனம் தன் பட்டை மூங்கிலுக்கு வைத்துக்கொண்ட வணிகப் பெயர் அது என்று சொன்னேன். அவர் ஏற்கவில்லை. எனக்கும் வற்புறுத்த மனமில்லை.

அவர் அப்பா ஜாசின் பக்கத் தோட்டம் ஒன்றில் பங்களா சமையல்காரர். இருபது வருடம். "தொரை சாயங்காலத்துல பங்களா புல்லுல நின்னு தூண்டில் வீசுவாரு. தண்ணியே இருக்காது. நாங்க பசங்க வேலிக்கு அந்தாண்ட நின்னு, கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு சிரிப்போம்." அது பயிற்சி. லீவு கிடைத்தால் பகாங் காட்டாறுகளில் கெலா பிடிக்கப் போவாராம். நீலகிரியிலும் நுவரெலியாவிலும் இருந்த வெள்ளைக்காரர்கள் ட்ரௌட் மீனையே வரவழைத்து ஓடைகளில் வளர்த்தார்கள். சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். மலாயா தொரைமாருக்கு ட்ரௌட் இல்லை, கெலாதான்.

1960களின் தொடக்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலம். துன் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். இவர்கள் தோட்டமும் கைமாறியது. தொரை கப்பலேறும்போது சமையல்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனது இந்தப் பையைத்தான். "இருபது வருச ஒழைப்புக்கு இதான் தம்பி. அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் இது பரிசா, கூலியான்னு வெளங்கல."

அப்பா இந்தத் தூண்டிலை வீணாக்கவில்லை. மண்புழு கோத்து ஹாருவான் பிடித்திருக்கிறார். ஒரு நாள் நுனி ஒன்று ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் ஈர்க்குச்சி வைத்து, தையல் நூலைச் சுற்றி, மேலே ரப்பர் பாலைப் பூசிக் காய வைத்திருக்கிறார். அறுபது வருடத்தில் அது கறுத்து, கடினப்பட்டு, ஒரு முடிச்சைப்போல நின்றது.

பெரியவரின் மகன் சிங்கப்பூரில் வேலை. விற்றுவிடலாம் என்பது அவர் எண்ணம். படம் பார்த்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் 800 வெள்ளி தருவதாகச் சொல்லியிருந்தார், ஒரு நிபந்தனையோடு. கழி பழைய நிலைக்கு வரவேண்டும். அந்த அசிங்கமான கட்டை வெட்டிவிட்டுப் புது நுனி பொருத்த வேண்டும். பெரியவர் இரண்டு வாரம் பதில் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "நீங்க மொதல்ல செஞ்சு குடுங்க, பாப்போம்" என்றார்.

கழியைக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் பார்த்தேன். நடுத்துண்டு சற்று வலப்பக்கம் சாய்ந்திருந்தது, சுவரில் சாய்த்து வைத்ததன் பலன். மெல்ல வளைத்துக் காதருகே வைத்தால் 'டிக்' என்று சத்தம் வரக்கூடாது. வந்தால் உள்ளே பசை விட்டுவிட்டது என்று பொருள். பழைய கழிகளில் தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசையும் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றுக்கும், மூடிய காரின் சூட்டுக்கும் அது தாங்காது. நல்ல வேளை, இது சத்தம் போடவில்லை. துண்டுகளை இணைக்கும் உலோகப் பூண் ஒன்று மட்டும் ஆடியது. லேசாகச் சூடு காட்டி, கையால் இழுத்துக் கழற்றி, பழைய பசையைத் துடைத்து மறுபடி ஒட்டினேன். குறடு போட்டுத் திருகினால் மூங்கில் முறுக்கிப் பிளந்துவிடும். சாய்வை நிமிர்த்தவும் அதே மிதமான சூடுதான். எதிர்ப்பக்கம் வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும்.

வெடித்திருந்த வார்னிஷைச் சுரண்டும்போதுதான் பொறுமை தேவை. உப்புத்தாள் ஆசை ஆகாது. வலுவெல்லாம் தோலுக்கு அடியில் இருக்கிறது. அதைத் தேய்த்துவிட்டால் கழி பளபளக்கும், உயிர் இருக்காது.

வளையங்களைப் பிடித்து நிறுத்தும் பட்டுநூல் கட்டுகளை என்னால் ஒழுங்காகச் சுற்றவே முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பெரியவரின் மனைவி, "கொண்டாங்க இங்க" என்று வாங்கினார். நாற்பது வருடமாகக் கோயிலுக்கு மாலை கட்டும் விரல்கள். நூலோடு நூல் ஒட்டி, இடைவெளியே இல்லாமல், கடைசி முனையைக் கட்டுக்கு அடியிலேயே இழுத்து மறைத்து, ஒரே மாலையில் பதினோரு கட்டுகள்! நான் செய்தது நிறம் காக்கும் திரவம் தடவியது மட்டும். அது இல்லாமல் வார்னிஷ் பட்டால் பட்டுநூல் கறுத்துவிடும். பிறகு மெல்லிய வார்னிஷ் மூன்று பூச்சு, தூசி படாத அறையில்.

ஒடியாத நுனிக்குத்தான் இவ்வளவும். மற்றதை உலர்ந்த துணியால் துடைத்ததோடு சரி. பூச்சி மட்டும் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பழைய கழி சேகரிப்பவர்கள் பலர் இதை ஒப்பமாட்டார்கள். பட்டறையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். எனக்கோ, ஹார்டி செய்த நுனி உலகத்தில் எத்தனையோ இருக்கும் என்று தோன்றியது. இதைச் செய்தவர் ஒரே ஒருவர்தான்.

இதைப் படித்துவிட்டு ஸ்டோர் ரூமைத் துழாவப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மரப்பெட்டியில் கழி, ரீல், பொய்ப்பூச்சிகள் என்று எல்லாம் சேர்ந்து அழகாக இருந்தால், அது பெரும்பாலும் போருக்குப் பின் ஜப்பான் ஏற்றுமதி செய்த நினைவுப்பொருள். சுவருக்கு அழகு, ஆற்றுக்கு ஆகாது. நல்ல கழியில் ஆறு பட்டைகளின் கணுக்களும் ஒரே வரிசையில் சேராமல் தள்ளித் தள்ளி இருக்கும். துண்டுகளைப் பக்கத்தில் வைத்தால் ஒரே நீளம் இருக்கும். ஒன்று குட்டையாக இருந்தால் அது ஒடிந்தது. ஈரப் பையில் மூடி வைக்காதீர்கள்.

வியாபாரிக்குப் பெரியவரே போன் செய்தார். நுனி இரண்டும் சேர்த்துத்தான் விலை, வெட்டமாட்டேன் என்றாராம். அவர் 500 என்று இறங்கியிருக்கிறார். "அப்ப வேணாம்னுட்டேன்."

போன ஞாயிறு மாலை தாமான் திடலில் கழியைப் பொருத்திக் கொடுத்தேன். சிறுவயதில் அதைத் தொட அவருக்கு அனுமதி இருந்ததில்லை. எழுபத்து நான்கு வயதில் முதல் வீச்சு. கயிறு தோளைச் சுற்றிக்கொண்டது. ஏழெட்டு முறைக்குப் பிறகு ஒருமுறை நேராக நீண்டு புல்லில் படிந்தது. பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் நின்று பார்த்தார்கள்.

"தாத்தா, தண்ணி எங்க?"

"வரும்டா" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கையை ஓங்கினார்.