நிழற்படங்களில் ஒரு நகர்

மன்னரும் போரும் கோட்டையும் கொத்தளமுமே வரலாற்றுக்குரிய பொருள்கள் எனக் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. பொதுமக்கள் எவ்வாறு உண்டனர், எங்கே துணி துவைத்தனர், மாலைப் பொழுதை யாருடன் கழித்தனர் என்பன ஏட்டிலே ஏறும் தகுதியற்றனவாய் ஒதுக்கப்பட்டன. அவர்தம் வாழ்வு அவர்களோடே மறைந்தது. இக்குறையை ஓரளவேனும் நீக்கவல்லதாய் வந்தது நிழற்படக் கருவி. தம்மைப் பற்றி எழுதிவைக்காத மக்களுடைய வாழ்வுக்கும் அது சான்று பகரும். இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாக விளங்குவது இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் நகராகும். அந்நகரின் இரு பகுதிகள் இடித்தழிக்கப்பட்ட காலத்தில் இருவர் எடுத்த படங்கள், மறைந்துபோன அயலின் வாழ்வை இன்றும் காட்டி நிற்கின்றன.

டைன் நதியின் வடகரையில் அமைந்த நியூகாசில், நெடுங்காலமாக நிலக்கரி வாணிகத்தாற் புகழ் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கப்பல் கட்டுந் தொழிலும் பொறித்தொழிலும் அங்கே தழைத்தன. வில்லியம் ஆம்ஸ்ட்ரோங் என்பார் 1847இல் எல்சிக் என்னும் இடத்தில் தொடங்கிய தொழிற்சாலை, பிற்காலத்திலே பீரங்கிகளையும் போர்க்கப்பல்களையும் ஆக்கும் பெருநிலையமாக வளர்ந்தது. தொழிலாளர் குடியிருக்கும் பொருட்டு மேற்கே எல்சிக்கிலும் கிழக்கே பைக்கரிலும், நதியை நோக்கிச் சரியும் மேட்டுநிலங்களில் வீதிகள் வரிசை வரிசையாக எழுந்தன.

அவ்வீடுகளின் அமைப்புத் தனிச்சிறப்புடையது. வீதியோரமாக இரு வாயில்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று கீழ்த்தளத்து இல்லத்துக்கு உரியது. மற்றையது படிக்கட்டால் மேற்றளத்து இல்லத்துக்கு இட்டுச் செல்வது. பின்புறத்தே சிறு முற்றம். மலகூடமும் கரி வைக்கும் அறையும் அங்கேயே. அதற்கப்பால் பின்னொழுங்கை. துவைத்த துணிகள் அவ்வொழுங்கைக்குக் குறுக்கே கட்டிய கயிறுகளிலே தொங்கும். அவற்றின்கீழ்ச் சிறுவர் விளையாடுவர். வாயிற்படியில் நின்று பெண்கள் உரையாடுவர். இடம் நெருக்கமாயிருந்தமையால் ஒருவர் துன்பம் மற்றவர்க்கு மறைந்திருத்தல் அரிது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், இவ்வீடுகளுட் பல மனிதர் வாழத் தகுதியற்றன என மாநகர சபை கருதியது. அக்கருத்து முற்றிலும் பிழையானதன்று. ஈரம் ஊறிய சுவர்களும், குளியலறை இன்மையும், குளிர்கால இரவிலே முற்றத்தைக் கடந்து மலகூடம் செல்லவேண்டிய நிலையும் உண்மையான துன்பங்களே. 1960ஆம் ஆண்டையொட்டிச் சபையின் தலைமையை ஏற்ற டான் ஸ்மித், நகரைப் புதுமைக் கோலத்தில் மாற்றியமைக்க விழைந்தார். எல்சிக்கின் பழைய வீதிகள் அழிந்தன. ஸ்கொட்ஸ்வூட் வீதியின் அருகே உயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்தன.

இவ்வழிவைத் தம் கருவியாற் பதிந்தவர் ஜிம்மி போர்சைத். 1913இல் வேல்ஸ் நாட்டிற் பிறந்த இவர், போர்க்காலத்தில், 1943இல், தொழிலின் பொருட்டு நியூகாசிலுக்கு வந்தார். தொழிலிடத்து விபத்தொன்றினால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 1954ஆம் ஆண்டளவில் மலிவான கருவியொன்றைப் பெற்று, தம் அயலைப் படமெடுக்கத் தொடங்கினார். கலைப் பயிற்சி எதுவும் அவருக்கில்லை. தாம் வாழும் இடம் விரைவில் இல்லாதொழியும் என்பதை உணர்ந்து, அதன் உருவத்தைப் பேண விரும்பினார்; அவ்வளவே. கடைவாயிலில் நிற்கும் கடைக்காரர், மதுச்சாலையிற் கூடிய நண்பர், வீதியில் விளையாடும் சிறுவர் ஆகியோர் அவர் படங்களிலே தோன்றுகின்றனர். அவர்களிற் பலர் கருவியை நேரே நோக்கி நிற்கின்றனர். அந்நோக்கிலே அச்சமில்லை, அந்நியர்முன் எழும் கூச்சமுமில்லை. படமெடுப்பவர் தம்முள் ஒருவர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1986இல் இப்படங்கள் நூலாக வெளிவந்தன. போர்சைத் 2009இல் மறைந்தார்.

மற்றையவர் சிர்க்கா லீசா கொன்ரினென் என்னும் பெண்மணி. பின்லாந்து நாட்டவரான இவர், திரைப்படக் கல்வி கற்க இலண்டன் வந்து, அங்கே நண்பருடன் சேர்ந்து அம்பர் என்னும் குழுவை அமைத்தார். 1969இல் அக்குழு நியூகாசிலுக்குப் பெயர்ந்தபோது அவர் பைக்கரிலே குடியேறினார். தாம் வாழ்ந்த வீடும் இடிபடும்வரை அங்கேயே இருந்தார். போர்சைத் பெரும்பாலும் வீதியிலே நின்று படமெடுக்க, கொன்ரினென் இல்லங்களினுள்ளும் வரவேற்கப்பட்டார். பாழடைந்த வீடொன்றிலே கைவிடப்பட்ட பியானோவை ஒரு சிறுமி வாசிக்கும் படம் அவர் படங்களுட் பெரிதும் அறியப்பட்டது. ஒரு குடும்பம் நீங்கிய வெறுமையும், குழந்தையின் உள்ளத்து மகிழ்ச்சியும் அவ்வொரு படத்திலே ஒருங்கே அமைந்துள்ளன. 1983இல் வெளிவந்த பைக்கர் என்னும் நூலில் படங்களுடன் அங்கு வாழ்ந்தோரின் கூற்றுக்களும் இடம்பெற்றன. அவருடைய படங்களும் அம்பர் குழுவின் திரைப்படங்களும் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டினது ஐக்கிய இராச்சியப் பிரிவிலே சேர்க்கப்பட்டன.

பைக்கரின் வரலாற்றிலே சிந்தித்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. எல்சிக்கில் நிகழ்ந்த பிழை இங்கே நிகழாதிருத்தல் வேண்டுமென்ற எண்ணம் இருந்தது. புதிய குடியிருப்பை அமைத்த றால்ப் எர்ஸ்கின் என்னும் கட்டடக் கலைஞர், அவ்விடத்திலேயே தம் அலுவலகத்தைத் திறந்து மக்களின் கருத்தைக் கேட்டார். வடபுறத்து ஓசையையும் காற்றையும் தடுக்கும் நெடுஞ்சுவர் போன்ற கட்டடமும், தென்புறத்தே வெயிலை நோக்கிய மாடங்களும் அமைந்தன. 1982 வரை நடைபெற்ற அவ்வேலை பலராற் போற்றப்பட்டது. எனினும் பழைய பைக்கரில் வாழ்ந்த ஏறக்குறைய 17,000 மக்களுள் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவானவர்களே அங்கு மீண்டும் குடியமர்ந்தனர். இடிப்பும் கட்டுதலும் ஆண்டுக்கணக்கில் நீண்டமையால் மற்றையோர் வேறிடங்களுக்குச் சிதறினர். நல்லெண்ணம் இருந்தும் வீடுகள் கிடைத்தன, அயல் கிடைக்கவில்லை.

இங்கேதான் நிழற்படத்தின் பயன் விளங்குகின்றது. சபையின் பதிவேடு வீட்டின் குறைகளை எண்ணியது: குளியலறை இல்லை, சுவரில் ஈரம், கூரையில் ஒழுக்கு. ஒழுங்கையிலே இரு பெண்கள் நின்று உரையாடிய நட்பை எண்ணுதற்கு அப்பதிவேட்டில் இடமிருக்கவில்லை. எண்ணப்படாதது இல்லாததாகவே கொள்ளப்பட்டது. அதனை உளதெனக் காட்டுவன இப்படங்களே.

ஆயினும் படத்தை அளவுக்கு மீறி நம்புதலும் தகாது. குளிரையும் நாற்றத்தையும் நோயாளியின் இருமலையும் அது காட்டாது. சிரித்த முகங்களை மட்டும் கண்டு, பழங்காலம் இன்பமயமானது என முடிவு செய்தல் எளிது. எடுப்பவர் எதனைத் தெரிந்தார், எதனை விடுத்தார் என்பதையும் ஆராய்தல் வேண்டும். கொன்ரினென் இதனை உணர்ந்தார் போலும். 2003ஆம் ஆண்டு முதல் அவர் மீண்டும் பைக்கரிலே படமெடுத்தபோது, பல நாடுகளிலிருந்தும் வந்து குடியேறியோரை உள்ளிட்ட புதிய குடிகளைத் தம் படங்களை அமைப்பதிலேயே பங்குகொள்ளச் செய்தார். பழமையின் புகழ்பாடுதலோடு நில்லாது, மாறிய அயலையும் அவர் அதே அன்போடு நோக்கினார்.

இடிந்த வீதியைப் படம் மீட்டுத் தராது. இடிக்கப்படுவது கல்லும் மரமும் மட்டுமன்று என்பதை அடுத்த வீதியை இடிக்க எண்ணுவோர்க்கு அது உணர்த்தும். ஒரு குடியிருப்பைச் சேரி என அழைக்குமுன், அங்கு வாழ்வோரின் முகத்தை ஒருமுறை நேரே நோக்குதல் வேண்டும் என்பதே நியூகாசிலின் படங்கள் புகட்டும் பாடமாகும்.