மூடி போடாத தொலைநோக்கி

மொட்டை மாடியில் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை வைத்து விடியவிடிய வியாழனைப் பார்த்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில் மூடி போடாமல் இறங்கி வந்துவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாயின் அடியில் இருக்கும் குழியாடியின் விட்டம் 203 மில்லிமீட்டர். நல்ல வெயிலில் அது வாங்கும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 30 வாட். சாலிடரிங் அயர்ன் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்களுக்கு 30 வாட் என்றால் என்னவென்று தெரியும். ஆடியின் குவியத்தூரம் 1200 மில்லிமீட்டர் என்றால், அத்தனை ஆற்றலும் 11 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத்துக்குள் வந்து விழும். நேர் வெயிலைவிட 300 மடங்குக்கு மேல். ஐபீஸ் குழலின் பிளாஸ்டிக் மூடி உருகும். பாதி மூடியும் மூடாமலும் போர்த்திய துணி கருகும், காற்றும் சேர்ந்தால் பற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் மாடிக்கு வந்த குழந்தை ஐபீஸில் கண்ணை வைத்தால் விழித்திரை வெந்துபோகும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் கண்ணை எடுக்க வேண்டும் என்றுகூடக் குழந்தைக்குத் தோன்றாது.

இது எப்போதோ ஒரு முறை நேரும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. நிலவும் கோள்களும் வானில் உலவும் பட்டையில்தான் சூரியனும் உலவுகிறது. இரவில் வியாழனையோ சனியையோ பார்த்துவிட்டு அப்படியே விட்ட குழாய், பகலில் சூரியன் உலவும் அதே பட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சரி, குழாயைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்துவிட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். ஐரோப்பாவில் அது ஓரளவு சரி, அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. நம் ஊரில் வருகிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் குச்சி நட்டுக் காட்டுகிறார்களே, அந்த நாள்தான். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு முறை நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களை ஒட்டி, நிமிர்ந்து நிற்கும் குழாய்தான் மிக மோசமான நிலையில் இருக்கிறது.

ஆகவே மூடி என்பது தூசிக்காக மட்டும் அல்ல. குழாய் வாயில் இறுக்கமான மூடி, ஐபீஸ் குழலுக்கு ஒரு மூடி, பக்கத்தில் ஒட்டியிருக்கும், இலக்கு தேட உதவும் சின்னத் தொலைநோக்கியான ஃபைண்டருக்கு முன்னும் பின்னும் மூடி. ஃபைண்டரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 50 மில்லிமீட்டர் வில்லையும் கண்ணைக் கெடுக்கப் போதும். பகலில் மாடியில் நின்றே ஆக வேண்டிய கருவி என்றால் குழாய் கிடைமட்டமாக, வடக்கு நோக்கி, ஒளி ஊடுருவாத உறைக்குள் இருக்கட்டும். சூரியனைப் பார்ப்பதற்கென்று குழாயின் முன்வாயில் பொருத்தும் வடிகட்டி உண்டு. ஐபீஸில் திருகிப் போடும் சின்னக் கறுப்புக் கண்ணாடி உங்கள் பெட்டியில் இருந்தால் அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பம் முழுவதும் அதன்மேல்தான் இறங்கும், எந்த நொடியிலும் விரிசல் விடும்.

இப்படிப்பட்ட ஆபத்தைச் சொல்லாமல் விற்றால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தன் ஆறாவது அத்தியாயத்தில் பொருளால் நேரும் தீங்குக்கான பொறுப்பைப் பேசுகிறது. தீங்கைத் தவிர்க்கத் தேவையான பயன்பாட்டுக் குறிப்பும் எச்சரிக்கையும் போதுமான அளவு தராமல் விற்றால், தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டி வரும். ஆனால் தவறாகப் பயன்படுத்தினார், மாற்றி அமைத்துவிட்டார், எல்லோருக்கும் தெரிந்த ஆபத்துதானே என்றெல்லாம் எதிர்வாதம் வைக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. பெட்டியோடு வந்த கையேட்டையும் எச்சரிக்கைச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். சீட்டே வரவில்லை என்றால், பெட்டியைப் பிரித்த அன்றே அதைக் குறிப்பிட்டு விற்றவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.

அடுத்தது முதுகு. எட்டு அங்குல டாப்சோனியன் சுமார் 20 கிலோ, பன்னிரண்டு அங்குலம் 35 கிலோவுக்கு மேல். அதை முழுசாகத் தூக்க எந்தக் காரணமும் இல்லை. ஜான் டாப்சன் இந்த வடிவத்தை உருவாக்கியதே நடைபாதைக்குக் கொண்டுபோய் வழிப்போக்கர்களுக்கு வானம் காட்டத்தான். சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்துத் துறவியாக இருந்தபோது கழிவுப் பொருட்களைக் கொண்டு தொலைநோக்கி செய்தவர் அவர். குழாய் தனி, அடிப்பெட்டி தனி என்று இரண்டாகக் கழன்று வருவதுதான் அந்த வடிவத்தின் சௌகரியம். முதலில் ஐபீஸையும் ஃபைண்டரையும் கழற்றிப் பைக்குள் வையுங்கள். அடிப்பெட்டி முதலில் இறங்கட்டும், பிறகு குழாய். ஆடி இருக்கும் முனைதான் கனம். அது தாழ இருக்கும்படி மார்போடு அணைத்துப் பிடியுங்கள். சுருள் படிக்கட்டு உள்ள வீட்டில் தனியாக முயலாதீர்கள். பத்து அங்குலத்துக்கு மேல் என்றால் படி எப்படி இருந்தாலும் இரண்டு பேர் வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு, தூக்கம் சொக்கும் கண்ணோடு, பனி இறங்கி வழுக்கும் படியில் இறங்குகிறோம் என்பதை நினைவில் வையுங்கள். படிக்கு ஒரு விளக்கு போட்டால் வானம் ஒன்றும் ஓடிப்போகாது.

முக்காலியில் நிற்கும் ஈக்வடோரியல் மவுண்ட் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கவனம் தேவை. மாட்டும்போது எதிர் எடை முதலில், குழாய் பிறகு. கழற்றும்போது குழாய் முதலில், எதிர் எடை கடைசியில். வரிசை மாறினால் குழாய் ஒரே வீச்சில் சுழன்று முக்காலியில் மோதும், அல்லது உங்கள் தாடையில். நம் அட்சரேகையும் இங்கே தொல்லை தரும். மவுண்டின் அச்சு துருவத்தை நோக்க வேண்டும். நாகர்கோவிலில் அது தரையிலிருந்து 8 பாகை, சென்னையில் 13 பாகை. பல மவுண்டுகள் 40, 50 பாகை உள்ள நாடுகளை மனத்தில் வைத்துச் செய்தவை. இவ்வளவு தாழ்த்தினால் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும், பாரம் நடுவிலிருந்து விலகிச் சாயும். முக்காலியின் ஒரு காலைப் பாரம் சாயும் பக்கமாகத் திருப்பி வையுங்கள். வாங்கும் முன்பே இந்த அட்சரேகைக்கு இறங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இறங்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்காத பொருளை அனுப்பினால் அது குறைபாடுள்ள பொருள்.

ஈரம் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் வெயிலைவிட அதிகமான தொலைநோக்கிகளைக் கெடுப்பது அதுதான் என்பது என் எண்ணம். விடிகாலையில் குழாயைத் தொட்டால் கை நனைகிறது. அந்த ஈரத்தோடு மூடி போட்டு, அதன்மேல் பாலிதீன் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும். கண்ணாடியில் சிலந்திக் கால் போலக் கிளைவிட்ட மெல்லிய கோடுகள் தெரிந்தால் அதுதான். முற்றவிட்டால் அதன் அமிலம் பூச்சை அரித்து, கண்ணாடியிலேயே தடம் பதித்துவிடும். முறை இதுதான்: நனைந்த கருவியை உள்ளே கொண்டுவாருங்கள், குழாயின் வாயைச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள், மூடியைத் திறந்தே விட்டு மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். ஏசி அறையில் வைக்கிறவர்களுக்கு இது தலைகீழாகும். குளிர்ந்த கருவியை வெளியே எடுத்ததும் கடலோரக் காற்றின் ஈரம் அதன்மேல் படியும். வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

உறை இரண்டடுக்காக இருப்பது நல்லது. உள்ளே பருத்தித் துணி, வெளியே வெள்ளி நிறத்து நீர் புகாத உறை, அடியில் காற்று புக இடைவெளி. பார்ட்டிக்கிள் போர்டில் செய்த அடிப்பெட்டியைத் தரையில் நேராக வைக்கக் கூடாது. வெட்டுமுனை வழியாகத் தண்ணீர் ஏறினால் பலகை ஊதி உதிரும், தரையோடு ஒட்டியிருந்தால் கரையானும் வரும். நான்கு செங்கல் மேல் ஏற்றி, வெட்டுமுனைகளுக்கு வார்னிஷ் அடித்துவிடுங்கள். ஒரு மாதம் தொடாமல் விட்ட கருவியின் ஐபீஸ் குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். திறந்து கிடந்தால் குளவி உள்ளே மண்கூடு கட்டியிருக்கும். ஐபீஸ்களுக்குக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நஞ்சு. ஆரஞ்சு நிற ஜெல்லை வாங்குங்கள், சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, எவ்வளவு நல்ல உறை என்றாலும் கருவி வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் மரங்களையே பிடுங்கிப் போட்டது. மாடியில் கட்டி வைத்த 20 கிலோ கருவி அதற்கு எம்மாத்திரம்? அது கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவில் விழுந்து ஒருவருக்குக் காயம் பட்டால், கவனக்குறைவால் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் வழக்கு வரலாம்.

ஆடியில் தூசி படிந்துவிட்டதே என்று துடைக்க ஆரம்பிக்காதீர்கள். கொஞ்சம் தூசியால் காட்சி கெடாது, துடைப்பதால் விழும் கீறல் கெடுக்கும். பூச்சு உண்மையிலேயே போய்விட்டால் மறுபடி அலுமினியம் பூசலாம். காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் ஆடிக்கும் மறுபூச்சு உண்டு.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அடுத்த கேள்வி, மாடி யாருடையது என்பது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, மொட்டை மாடியைப் பொதுப் பகுதியில் சேர்த்திருக்கிறது. படியும் லிஃப்ட்டும் அப்படியே. எல்லா வீட்டு உரிமையாளர்களையும் போல அங்கே போய் வானம் பார்க்க உங்களுக்கும் உரிமை உண்டு. அசோசியேஷன் இரவில் மாடிக் கதவைப் பூட்டுகிறது என்றால் சாவிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. அதே சட்டத்தின் இன்னொரு பக்கமும் உண்டு: பொது இடத்தில் உங்களுக்கென்று நிரந்தரமாகக் கொட்டகை போடவோ சிமெண்ட் தூண் நடவோ உரிமை இல்லை. அதற்குக் கூட்டத்தில் தீர்மானம் வேண்டும். வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் தளத்தில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. சக்கரம் வைத்த தள்ளுபலகையில் நிற்கும் கருவிக்கு இந்தத் தகராறு எதுவும் இல்லை, ஆகவே என் சிபாரிசு அதுதான்.

கருவி உடைந்து வந்து சேர்ந்தால் என்ன செய்வது? பெட்டியைப் பிரிக்கும்போதே, வெளிப்பெட்டியின் ஆறு பக்கமும் தெரியும்படி இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். இணையத்தில் வாங்கியது என்றால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், விற்றவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வீடு மாறும்போது லாரி பார்சலில் போட்டு உடைந்திருந்தால், முன்பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் போக்குவரத்து நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் வழக்குத் தொடர முடியாது. சரக்குச் சீட்டில் மதிப்பைக் குறைத்து எழுதினால் இழப்பீடும் அந்த அளவோடு நின்றுவிடும். ஆடியைக் குழாயிலிருந்து கழற்றி, தனியே பொதிந்து, உங்கள் கையோடு எடுத்துப் போவது இதைவிட நிம்மதி.

வீட்டுக் காப்பீடு பலரிடம் இருக்கிறது, தொலைநோக்கி அதற்குள் வருமா என்று கேட்டவர்கள் குறைவு. பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுப் பாலிசியில் கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கும் அந்தத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் பத்து லட்சம் வரை, தானாகச் சேரும். புயல், வெள்ளம், இடி மின்னல் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் திறந்த மாடியில் நிற்கும் பொருள் வீட்டுச் சாமானாகுமா என்பதை உங்கள் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைப் பாலிசியோடு கோத்து வையுங்கள். கோரிக்கையை மறுத்தாலோ, முறையீட்டுக்கு 30 நாளாகியும் பதில் தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.